கிளம்பும் விசை, நிற்கும் பிடி

வட ஜப்பானில் தோஹோகு என்றொரு வட்டாரம். அதன் பெரிய நகரம் செண்டாய். பனிச்சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் சலிக்காமல் நடத்திவரும் ஒரு வழக்கில் இரண்டு கட்சிகளும் இந்த ஊரைச் சாட்சிக்கு அழைக்கலாம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகிற வண்டி இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. வண்டி எதுவானாலும் சரி, குளிர்கால டயர் மாட்டினால்தான் தப்பிக்கலாம் என்பது எதிர்க்கட்சி. செண்டாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மின்நிறுவனத்தின் தேவையிலிருந்துதான் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ஃபோர் வீல் டிரைவ் கார் பிறந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள், அதே செண்டாயின் தெருக்களில் கிளம்பிய தூசி குளிர்கால டயரின் வரலாற்றைத் திருப்பிவிட்டது.

இரண்டு கட்சிகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் வாதாடுகின்றன. பழைய கதையைப் புரட்டினால் கேள்விகளே வேறு வேறு என்று தெரிகிறது.

கார் வந்த புதிதில் குளிர்நாடுகளில் எந்தக் கேள்வியும் எழவில்லை. பனி விழுந்ததும் காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, குதிரை பூட்டிய சறுக்குவண்டியை வெளியே எடுப்பார்கள். சாலையில் விழுந்த பனியை வாரி ஒதுக்குகிற வழக்கம் அன்று பரவலாக இல்லை. சறுக்குவண்டி ஓடத் தோதாகப் பெரிய உருளையால் அதை அழுத்திக் கெட்டியாக்குவார்கள். அந்தத் தரையில் அன்றைய டயர் நின்ற இடத்திலேயே சுழலும். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊர்க்காரரான ஹாரி வீட், சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொண்டவர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டுவதைக் கவனித்தார். கயிறு இருந்த இடத்தில் சங்கிலியை வைத்து 1904-ல் காப்புரிமை வாங்கினார். டயரின் இரு பக்கமும் இரண்டு வளையச் சங்கிலிகள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சங்கிலிகள். இன்று கடையில் விற்கும் டயர்ச் சங்கிலியும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

பணமும் ஆளும் இருந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைக் கவனித்துவந்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ், பின்சக்கரங்கள் இருந்த இடத்தில் ரப்பர் பட்டைத் தடங்களையும், முன்சக்கரங்களோடு சறுக்குப் பலகைகளையும் பொருத்தினார். புரட்சி வந்தது, பேரரசர் போனார், ஆனால் பனி அப்படியேதான் விழுந்தது. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றும் இந்த முறையில் மாற்றப்பட்டது. மாஸ்கோவை அடுத்த கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் அது இன்றும் நிற்கிறது.

லாரிக்காரருக்கு இந்த இரண்டுமே கட்டுபடியாகாது. பட்டைத் தடம் விலை அதிகம், வேகம் குறைவு. சங்கிலியோ பனி இல்லாத தரையில் சாலையையும் அரிக்கும், தானும் அறுந்துபோகும். மாற்று பின்லாந்திலிருந்து வந்தது. 1898-ல் தொடங்கப்பட்ட சுவோமென் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் ஆலை, பின்னர் நோக்கியா என்ற சிற்றூருக்கு இடம் மாறி, காலணிகளுக்குப் பெயர் வாங்கியிருந்தது. 1930களின் தொடக்கத்தில்தான் கார் டயர் செய்ய ஆரம்பித்தது. பனி மூடிய நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகளுக்கென்று 1934-ல் அது வெளியிட்ட டயரில் குறுக்குவாட்டில் ஆழமான பட்டன்கள் இருந்தன. உலகின் முதல் குளிர்கால டயர் என்று பெயர்பெற்றது அதுதான். இரண்டே ஆண்டில், 1936-ல், கார்களுக்கான டயரும் வந்தது. முப்பதாண்டுப் போரில் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படையினரின் பெயரால் அதற்கு ஹக்கபெலீட்டா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் டயர் இன்றும் விற்கிறது. இந்த ரப்பர் ஆலையும் ஒரு காகித நிறுவனமும் ஒரு கேபிள் நிறுவனமும் 1967-ல் ஒன்றாகி, பிற்காலத்தில் கைப்பேசியால் நம் ஊரெல்லாம் அறிந்த நோக்கியா உருவானது. டயர்ப் பிரிவு 1988-ல் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

பனியே விழாத ஒரு உலகமும் இந்தக் கதையில் இருக்கிறது. அந்த 1934-ல்தான் லண்டனில் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மலாயா, டச்சு கிழக்கிந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று அதில் வரம்பு கட்டினார்கள். உலகம் பயன்படுத்திய ரப்பரின் பெரும்பகுதி இந்தத் தோட்டங்களில் விளைந்தது. மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குளிர்கால டயர்க் கலவைகளில் இயற்கை ரப்பரின் பங்கு இன்றும் கணிசமானது. குளிரில் விறைக்காமல் வளைந்து கொடுக்கும் குணம் அதற்கு உண்டு.

அந்த வளைந்து கொடுக்கும் குணத்தில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப்போல, கோடைக்காலத்துக்கென்று கலந்த ரப்பர் குளிரில் இறுகிவிடும். இறுகிய ரப்பரால் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிய முடியாது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் டயரை மாற்றுங்கள் என்று ஐரோப்பிய டயர்க் கடைகள் சொல்வது இதனால்தான். குளிர்கால ரப்பர் உறைநிலைக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும்படி கலக்கப்படுகிறது. பட்டன்களின்மேல் கத்தியால் கீறினாற்போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது இவை விரிந்து பல விளிம்புகளாகித் தரையைக் கவ்வும். இந்த வெட்டு உத்திக்கு ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்வதும் குறையல்ல. பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், டயருக்குள் அடைந்த பனி சாலையின் பனியைப் பிடித்துக்கொள்கிறது.

பனிக்கட்டி இதைவிடக் கடினமான எதிரி. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும்போது வழுக்கல் உச்சத்துக்குப் போகிறது. மைனஸ் 20 டிகிரியில் உறைந்த சாலையைவிட, உருகலாமா வேண்டாமா என்று பூஜ்யத்தில் நிற்கும் சாலைதான் ஆபத்து. அந்தப் படலத்தைத் துளைக்க என்ன செய்வது என்பதில்தான் பிற்பாடு பெரும் சண்டை வந்தது.

நான்கு சக்கரங்களுக்கும் விசை தருகிற யோசனை குளிர்கால டயருக்கும் மூத்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903-ல் காட்டிய 60 குதிரைத்திறன் பந்தயக் காரில் ஆறு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஆகிய மூன்றும் இருந்தன. மற்ற கார்கள் பின்சக்கரங்களில் மட்டும் பிரேக் வைத்து ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆட்டோ ஜக்கோ, வில்லியம் பெஸர்டிக் என்ற இரண்டு பட்டறைக்காரர்கள் 1908-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு, முதல் உலகப் போரில் சேற்றில் ஓடிய ராணுவ லாரிகளாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜீப் வந்தது. 1948-ல் லேண்ட் ரோவர் வந்தது. இவையெல்லாம் காட்டுக்கும் கழனிக்கும் போர்க்களத்துக்கும் ஆனவை. குடும்பத்தோடு ஏறி அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ போகிற வண்டிகளாக யாரும் அவற்றை நினைக்கவில்லை.

பிரிட்டனில் டிராக்டர் புகழ் ஹாரி ஃபெர்குசனின் பொறியாளர்கள் சாலைக் காருக்கும் இது தேவை என்று வாதிட்டுவந்தார்கள். அவர்களுடைய அமைப்போடு 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் வந்தது. வழுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கும் அதில் இருந்தது. ஆனால் விலையைக் கேட்டே பலர் ஒதுங்கினார்கள். மொத்தம் 320 வண்டிகளோடு உற்பத்தி நின்றது.

செண்டாய் இங்கேதான் கதைக்குள் வருகிறது. தோஹோகு மின்நிறுவனத்தின் லைன்மேன்கள் குளிர்காலத்தில் மலையேறிக் கம்பிகளைப் பழுதுபார்க்க வேண்டும். கையில் இருந்தது ஜீப். பனியில் ஏறும், ஆனால் குளிர் உள்ளே வரும். நாள் முழுக்க உட்கார்ந்து போக ஏற்ற வண்டி இல்லை. சாதாரண கார்போல ஓட்டச் சுகமாகவும், பனியில் ஜீப்போல ஏறக்கூடியதாகவும் ஒரு வண்டி கிடைக்குமா என்று 1970 வாக்கில் உள்ளூர் சுபாரு விற்பனை நிறுவனத்தைக் கேட்டார்கள். அவர்கள் முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய சுபாரு வேனை எடுத்து, நிஸான் புளூபேர்டின் பின்பக்க டிஃபரன்ஷியலை (விசையைப் பிரித்து, சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பை) பொருத்தி, பட்டறையிலேயே ஒரு மாதிரியைச் செய்துகாட்டினார்கள். சுபாருவில் எஞ்சினும் கியர்பெட்டியும் நீளவாக்கில் இருந்ததால், பின்னோக்கி ஒரு தண்டு இழுப்பது சுலபமாக இருந்தது. தாய் நிறுவனமான ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் அதைக் கையில் எடுத்து 1971 டோக்கியோ கண்காட்சியில் வைத்தது. 1972-ல் லியோன் எஸ்டேட் வேன் சந்தைக்கு வந்தது. சாதாரண நாளில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். பனி வந்தால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பின்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். 1970களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன இந்த வண்டி, பனி மாநிலங்களின் கிராமத்து மருத்துவர்களிடமும் விவசாயிகளிடமும் இடம்பிடித்தது.

லைன்மேன் கேட்டதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு மலை ஏற வேண்டும். சரிவில் சக்கரம் சுழன்று நின்றுவிடக் கூடாது. அந்தத் தேவையை நான்கு சக்கர இயக்கம் குறையில்லாமல் தீர்த்தது.

ஐரோப்பாவில் கதை இன்னும் பளபளப்பானது. 1976-77 குளிர்காலத்தில் பின்லாந்தில் நடந்த சோதனை ஓட்டத்தில், ஃபோக்ஸ்வாகன் ராணுவத்துக்காகச் செய்த இல்டிஸ் என்ற 75 குதிரைத்திறன் வண்டி, தன்னைவிட வலுவான ஆடி கார்களைப் பனியில் பின்தள்ளியது. ஆடி நிறுவனத்தின் பொறியாளர் யோர்க் பென்சிங்கர் இதைப் பார்த்துவிட்டு, மேலதிகாரி ஃபெர்டினாண்ட் பியேக்கிடம் போனார். 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராக்கர் ஹோஹெ மலைச்சாலையில், 23 சதவீதச் சரிவில், கோடைக்கால டயரோடு மாதிரிக் கார் ஏறிக்காட்டியது. ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் ஆராய்ச்சித் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலா காரை வியன்னாவுக்கு எடுத்துப்போனபோது, அதை ஓட்டிய அவருடைய மனைவி ஒரு குறை சொன்னார்: குறுகிய இடத்தில் திருப்பினால் கார் குதிக்கிறது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருந்ததால் வந்த வினை அது. நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். கியர்பெட்டியின் ஒரு தண்டையே உள்ளீடற்றதாக்கி, அதற்குள் இன்னொரு தண்டை விட்டு இடப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். 1980 மார்ச்சில் ஜெனீவாவில் அந்தக் கார் குவாட்ரோ என்ற பெயரில் அறிமுகமானது. மறு ஆண்டே ஹன்னு மிக்கோலா அதில் ஸ்வீடன் ராலியை வென்றார்.

இந்த வெற்றிகளைப் பார்த்த பொதுமக்கள் மனத்தில் பனி என்றால் நான்கு சக்கர இயக்கம் என்று பதிந்துவிட்டது. பொறியாளர்கள் மறக்காத ஒரு கணக்கு மட்டும் அந்தப் பரபரப்பில் பின்னுக்குப் போனது.

கணக்கு இதுதான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். கார் முன்னேறுவது, திரும்புவது, நிற்பது எல்லாம் அந்த நான்கு துண்டுகளின் பிடியில் நடக்கின்றன. நான்கு சக்கர இயக்கம் செய்வது ஒன்றுதான்: கிளம்பும்போது இரண்டு துண்டுகளின் பிடியை மட்டும் பயன்படுத்தாமல், நான்கையும் பயன்படுத்துகிறது. நிற்கும்போது அதற்கு வேலையே இல்லை. ஏனென்றால் 1920களின் இறுதிக்குள் பெரும்பாலான கார்களுக்கு நான்கு சக்கரங்களிலும் பிரேக் வந்துவிட்டது. நிறுத்தும் விஷயத்தில் எல்லாக் கார்களும் ஏற்கெனவே நான்கு சக்கர வண்டிகள்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த தாரில் பிரேக் பிடித்தால் 12 மீட்டர் அளவில் நிற்கும். உராய்வுக் கெழு 0.3 இருக்கும் கெட்டிப் பனியில் 33 மீட்டர் ஆகும். 0.1-க்கு இறங்கும் பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 மீட்டர். இந்த எண்ணை மாற்றக்கூடியது தரையும் டயரும்தான். எஞ்சின் எத்தனை சக்கரங்களோடு பேசுகிறது என்பது சூத்திரத்தில் எங்குமே வராது.

இன்னொரு விபரீதமும் உண்டு. இரண்டு சக்கர இயக்க வண்டி பனியில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று, சாலை வழுக்குகிறது என்று சொல்லிவிடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அந்தச் செய்தியைச் சொல்லாமல் எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடும். முதல் திருப்பத்திலோ முதல் சிவப்பு விளக்கிலோதான் ஓட்டுநருக்கு விஷயம் தெரியவரும்.

ராலிக்காரர்களுக்கு இதெல்லாம் பாடமே வேண்டாம். 1983 மான்டி கார்லோ ராலியில் ஆடி குவாட்ரோக்களுக்கு எதிராக லான்சியா நிறுவனம் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட 037 காரோடு இறங்கியது. அந்த ஆண்டு பனி குறைவு. சில இடங்களில் உலர்ந்த தார், சில இடங்களில் பனிக்கட்டி. லான்சியா அணித் தலைவர் செசாரே ஃபியோரியோ, ஓட்டப் பகுதியின் நடுவிலேயே வண்டியை நிறுத்தி டயர் மாற்றும் உத்தியைக் கையாண்டார். பனி முடிந்த இடத்தில் உலர்சாலை டயர் ஏறியது. பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவப்பட்டதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. முடிவு: வால்டர் ரோர்ல் முதலிடம், மார்க்கு அலென் இரண்டாமிடம், இருவரும் லான்சியா. ஆடிகள் மூன்றாவதும் நான்காவதும். அந்த ஆண்டின் தயாரிப்பாளர் பட்டமும் லான்சியாவுக்கே போனது. பின்சக்கர இயக்கக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி முறை.

விளம்பரம் வேறு வழியில் போனது. 1986-ல் பின்லாந்தின் கைப்போலா பனிச்சறுக்குத் தாவுதளத்தின்மேல், ராலி ஓட்டுநர் ஹரால்ட் டெமுத் ஓட்ட, ஆடி 100 குவாட்ரோ நெட்டுக்குத்தாக ஏறிப்போகும் படம் தொலைக்காட்சியில் ஓடியது. கார் விளம்பர வரலாற்றில் மறக்க முடியாதவற்றுள் அது ஒன்று. 2005-ல் அதே தளத்தில் புதிய காரைக் கொண்டு திரும்பவும் ஏற்றியபோது, அந்தச் சரிவுக்கென்றே தயாரித்த முட்கள் பதித்த டயர்களைப் பூட்டியிருந்தார்கள்.

முள் பதித்த டயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பனிக்கட்டியின் நீர்ப்படலத்தைத் துளைக்க டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறிய ஆணிகளை ரப்பரில் பதிக்கும் முறை 1960களில் வேகமாகப் பரவியது. ஆணி டயர் பனிக்கட்டியில் பிரமாதமாகப் பிடித்தது. பனி இல்லாத நாட்களில் அதே ஆணி தாரைச் சுரண்டியது. சாலையில் சக்கரத்தடம் போகும் இடமெல்லாம் குழிந்து வாய்க்காலாகி, மழையில் நீர் தேங்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவும் கனடாவின் ஒண்டாரியோவும் 1971-ல் ஆணி டயரைத் தடைசெய்தன. மேற்கு ஜெர்மனி 1975-ல் தடைசெய்தது.

செண்டாய்க்கு இந்தத் தொல்லை தூசியாக வந்தது. தோஹோகுவின் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் அங்கே பனி குறைவு. மலைப்பாதைகளுக்கு அஞ்சி எல்லோரும் ஆணி டயர் மாட்டிக்கொள்வார்கள். நகரத் தெருக்களோ குளிர்காலத்தின் பெரும்பகுதி வெறும் தாராகத்தான் கிடக்கும். லட்சக்கணக்கான ஆணிகள் அந்தத் தாரை மாவாக அரைத்தன. 1980களின் தொடக்கத்தில் குளிர்காலம் முடியும் மாதங்களில் தெருவே மங்கலாகும் அளவுக்குத் தூசி பறந்தது. மக்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு நடந்தார்கள். செண்டாய்ப் பாலைவனம் என்றே ஒரு பேச்சு உண்டானது. செண்டாய் இருக்கும் மியாகி மாநிலம் 1985-ல் ஆணி டயரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய எதிர்ப்பு வளர்ந்து, சுற்றுச்சூழல் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையத்தின் முன் 1988-ல் டயர் நிறுவனங்கள் உடன்பட்டன. 1990 இறுதியோடு ஆணி டயர் உற்பத்தி நிற்கும் என்றார்கள். 1990-ல் நாடாளுமன்றச் சட்டமும் வந்தது. அவசர ஊர்திகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

ஆணி போனால் பனிக்கட்டியை எப்படிப் பிடிப்பது? விடை ரப்பருக்குள்ளேயே தேடப்பட்டது. மிஷெலின் 1982-லேயே ஜப்பானில் ஆணியில்லாக் குளிர்கால டயரை விற்கத் தொடங்கியிருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988-ல் பிளிஸாக் என்ற டயரைக் கொண்டுவந்தது. அதன் மேற்பரப்பு ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். பனிக்கட்டி மேலுள்ள நீர்ப்படலத்தை அந்தத் துளைகள் உறிஞ்சிவிட, உலர்ந்த பனிக்கட்டியில் ரப்பர் பதியும். டயர் தேயத் தேயப் புதுத்துளைகள் வெளிப்படும். ஒரு நகரத்தின் தூசிப் பிரச்சினை உலகச் சந்தைக்கு ஒரு புதிய பொருளைக் கொடுத்தது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் ஆணி டயர்கள் பனிக்கட்டியைக் கீறிக் கரடுமுரடாக வைத்திருந்தது, அவை போன பிறகுதான் தெரிந்தது. ஆணியில்லா டயர்கள் சிக்னல் சந்திப்புகளில் திரும்பத் திரும்ப நின்று கிளம்பி, சாலையைக் கண்ணாடியாக மெருகேற்றிவிட்டன. கார்கள் வழுக்கின, நடப்பவர்கள் விழுந்தார்கள். நகரத்தின் சந்திப்புகளில் மணல் பெட்டிகள் வைக்கப்பட்டன. கடக்கிறவர் யார் வேண்டுமானாலும் ஒரு பை மணலை எடுத்துத் தூவிவிட்டுப் போகலாம்.

வட ஐரோப்பா வேறு முடிவெடுத்தது. பின்லாந்து 1978-லும், ஸ்வீடன் 1999-லும் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கின. ஆணி டயரை முழுதாக விலக்கவில்லை. ஆனால் ஸ்டாக்ஹோம் 2010-ல் ஹோர்ன்ஸ்காட்டன் என்ற நெரிசலான தெருவில் ஆணி டயரைத் தடுத்தது. காற்றில் கலக்கும் துகள்கள்தான் காரணம். ஆஸ்லோவில் ஆணி டயரோடு ஓட்டக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கே வாழும் ஈழத்தமிழர்கள் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் டயர் வாங்குகிறார்கள்.

1990களுக்குப் பிறகு எஸ்யூவிக் காலம் பிறந்தது. நான்கு சக்கர இயக்கம் குடும்பக் காரின் விலைப்பட்டியலில் ஒரு வரியாக ஏறியது. விற்கிறவருக்கும் அது வசதி. இயக்கத்தைக் காரோடு சேர்த்து ஒரே தடவையில் விற்கலாம். டயரோ பருவத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய, வைக்க இடம் தேட வேண்டிய தனிச் செலவு. டயரின் பக்கவாட்டில் சேற்றையும் பனியையும் குறித்த எம்+எஸ் என்ற எழுத்துகளும் குழப்பத்தை வளர்த்தன. பள்ளங்களின் அமைப்பு மட்டும் சரியாக இருந்தால் அந்த எழுத்துகளைப் பொறித்துவிடலாம், பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சரிசெய்ய 1999-ல் அமெரிக்க, கனடிய டயர்த் தொழில் அமைப்புகள் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னத்தை அறிமுகப்படுத்தின. பனித்தரையில் சோதனையில் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். குளிர்காலச் சாலைக்கு 2024 அக்டோபர் முதல் ஜெர்மனி இந்தச் சின்னத்தை மட்டுமே ஏற்கிறது.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015-ல் ஒரு நான்கு சக்கர இயக்க ஹோண்டா சிஆர்-வியைப் பனியில் நிறுத்திப் பார்த்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க, எல்லாப் பருவத்துக்குமான டயரோடு 650 அடிக்கு மேல் ஆனது. குளிர்கால டயரோடு 370 அடிக்குள் நின்றது. காரும் இயக்கமும் ஒன்றே. மாறியது ரப்பர்.

சட்டத்தால் இதை முதலில் தீர்த்த வட அமெரிக்க மாகாணம் கியூபெக். அங்கே பெரும்பாலோர் தாமாகவே குளிர்கால டயர் மாட்டிவந்தார்கள். மாட்டாத பத்து சதவீத வண்டிகள் குளிர்கால விபத்துகளில் 38 சதவீதத்தில் சிக்கியிருந்தன என்று மாகாணப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. 2008 டிசம்பர் 15 முதல் குளிர்கால டயர் கட்டாயமானது. 2019-ல் தொடக்க நாளை டிசம்பர் 1-க்கு முன்தள்ளினார்கள். எத்தனை சக்கரங்களுக்கு விசை போகிறது என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. பக்கத்து மாகாணமான ஒண்டாரியோ கட்டாயப்படுத்தாமல் ஆசை காட்டியது. குளிர்கால டயர் மாட்டுகிறவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று 2016 முதல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதனால் மொன்றியலில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு நவம்பரில் டயர் மாற்றுவது சட்டம். டொரொண்டோவில் இருக்கும் அவர்களுடைய உறவினருக்கு அது சொந்தத் தீர்மானம். எங்களிடம் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது, டயர் எதற்கு என்ற பேச்சு அங்கே இன்னும் நடக்கிறது.

இந்தியாவில் இந்த வழக்கு ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் சூடுபிடிக்கும். குல்மார்க் ஏறும் சாலையிலும், மணாலியிலிருந்து அடல் சுரங்கம் போகும் சாலையிலும் பனி விழுந்தால் நான்கு சக்கர இயக்க வண்டிகளையோ சங்கிலி பூட்டிய வண்டிகளையோ மட்டும் காவல்துறை அனுமதிக்கிறது. ஏறுவதற்கு இந்த விதி சரி. சிக்கல் இறங்கும்போதுதான். 2020-ல் அந்த 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறந்தபின் லாஹௌல் பக்கம் போகும் கூட்டம் பெருகியது. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன. சமவெளிக்கான டயரோடு வந்த வண்டிகள் எத்தனை சக்கரங்களால் இழுக்கப்பட்டாலும் சரிவில் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தன.

சாலையை நிர்வகிக்கிறவர்கள் இரு கட்சிகளுக்கும் இடையே ஒரு தராசை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சாலைகளில் பனி கடுமையானால் இரண்டாம் நிலை அறிவிப்பு வரும். எல்லோரும் சங்கிலி பூட்ட வேண்டும், ஆனால் நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் சேர்ந்தே இருந்தால் விலக்கு உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் விலக்கு இல்லை. இன்னும் மோசமானால் மூன்றாம் நிலை, அதில் யாருக்கும் விலக்கில்லை.

ஜப்பானும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் ஃபுகுய் பகுதியில் கொட்டிய பனியில் 8-ஆம் எண் தேசியச் சாலையில் ஏறத்தாழ 1,500 வண்டிகள் நாள்கணக்கில் சிக்கின. ஆணியில்லாக் குளிர்கால டயர் அங்கே சாதாரணம், நான்கு சக்கர இயக்கமும் சாதாரணம். சரிவில் நின்றுவிட்ட ஒரு சில கனரக வண்டிகளே பின்னால் வருகிறவர்களை மறிக்கப் போதுமானவை. அந்த டிசம்பரிலேயே அரசு, நாடு முழுவதும் 13 மலைச்சாலைப் பகுதிகளைக் குறித்து ஒரு விதி செய்தது. பெரும்பனி அறிவிப்பின்போது அங்கே நுழையும் எந்த வண்டியும், டயர் எதுவானாலும், இயக்கம் எதுவானாலும், சக்கரத்தில் சங்கிலி பூட்டியிருக்க வேண்டும்.